மடிப்பு விழுந்த ஜோடி

1

இந்தக் கதை எனக்குத் தள்ளுபடியாகக் கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரக்கு எங்கே பிடித்தது என்று பிறகு யாரும் கேட்கக் கூடாது.

ஒரு செருப்புக் கடைக்குப் போயிருந்தேன். நீளமான, ஒடுக்கமான கடை. முன்னால் ஷட்டர், கடைசியில் கிடங்குக் கதவு, இரண்டுக்கும் நடுவே ஒரு சிவப்பு விரிப்பு. புது ஜோடியைப் போட்டுப் பார்க்கிறவர்கள் அந்த விரிப்பின்மேல்தான் நடக்க வேண்டும். வெறுந்தரையில் கால் வைத்தால் அடிப்பாகம் அழுக்காகிவிடும், அப்புறம் அதை அடுத்தவர் வாங்க மாட்டார். சுவரோரமாகத் தரையை ஒட்டிச் சாய்த்து வைத்த குட்டைக் கண்ணாடிகள். அவற்றில் முழங்காலுக்கு மேல் யாருக்கும் உருவம் கிடையாது.

நான் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. எனக்குப் பேச்சு வருமுன்பே பேரம் வந்துவிட்டது என்று வீட்டில் சொல்வார்கள். ஆகவே பிடித்த ஜோடியை ஓரக்கண்ணால்கூடப் பார்க்காமல், பிடிக்காத ஜோடிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குறை சொன்னேன். கடைசியில், போனால் போகிறது என்பதுபோல அதைத் தொட்டேன்.

கல்லாவிலிருந்த முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வந்ததுலேர்ந்து அதைத்தானே பாக்காம இருந்தீங்க" என்றார்.

அதோடு என் பேரம் செத்தது. முகத்தை மறைக்கக் கீழே குனிந்தேன். விரிப்பின் நடுவில், ஷட்டரிலிருந்து கிடங்குவரைக்கும், ஒற்றையடிப் பாதை போல ஒரு வெளுத்த தடம். வாங்க வருகிறவர்கள் கண்ணாடிவரை நாலு எட்டு வைப்பார்கள், திரும்புவார்கள். கிடங்குவரை நடந்தது யார்?

"விரிப்பு நைஞ்சு போச்சு. விலை மட்டும் புத்தம் புதுசா இருக்கு" என்றேன்.

"விலை குறையாது. வேணும்னா அந்தத் தடத்தோட கதையைச் சொல்றேன். அது சும்மா."

சும்மா என்ற சொல்லைக் கேட்டு நடையைக் கட்டுகிற வளர்ப்பு இல்லை என்னுடையது. உட்கார்ந்தேன்.

2

இனி ஆரம்பிக்க வேண்டும். கைவசம் இருந்த ஆரம்பங்கள் இவை:

அந்த ஆண்டு உலகம் தன் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டது. தெருக்களில் காற்று மட்டும்

[நிறுத்திவிட்டேன். உலகத்தில் ஆரம்பித்தால் செருப்புக் கடைக்கு வந்து சேர ரொம்ப நேரமாகும்.]

அவள் ஜன்னலோரம் அமர்ந்து வயிற்றை மெல்லத் தடவியபடி

[இதுவும் வேண்டாம். கர்ப்பிணி என்றவுடன் எழுதுகிறவர்கள் ஒரு ஜன்னலையும் நாற்காலியையும் கொண்டுவந்து போட்டுவிடுகிறார்கள். இவள் உட்காரக் கூடாது என்பதுதான் கதையே.]

"சாப்பிட்டதும் உட்காராதீங்க" என்றார் டாக்டர்.

இதை வைத்துக்கொள்கிறேன்.

டாக்டர் அதைச் சொன்னது ஒரு பெண்ணிடம், அதுவும் தொலைபேசியில். தொற்றுக்காலம். அவசரமில்லாமல் யாரும் ஆஸ்பத்திரிக்கு வரக் கூடாது. அந்தப் பெண் முதலாளியம்மாவின் மருமகள். கல்யாணமாகி வந்த அன்று மாமியார் அவள் முகத்தைப் பார்க்குமுன் காலைப் பார்த்து, "ஆறரை" என்றார். அளவு சரியாக இருந்தது. பெயரும் ஒட்டிக்கொண்டது. அந்தக் கடையில் எல்லோருக்கும் அப்படித்தான். தெருக்கோடித் தையற்காரர் ஒன்பது. தபால்காரர் பத்து, அகலப் பாதம்.

[முதல் வரைவில் கணவனும் வீட்டில் இருந்தான். பக்கம் பக்கமாக நின்றுகொண்டிருந்தானே தவிர ஒரு வேலையும் செய்யவில்லை. ஆகவே சரக்கு எடுக்க வெளியூர் அனுப்பிவிட்டேன். போன இடத்தில் ஊரடங்கில் மாட்டிக்கொண்டான். உண்மையிலும் அப்படித்தான் நடந்ததாம். வாழ்க்கைக்கும் அவனை எங்கே வைப்பது என்று தெரியவில்லை போலிருக்கிறது.]

3

ஆறரைக்கு வந்தது கர்ப்பகாலச் சர்க்கரை. டாக்டர் மென்று முழுங்கவில்லை. "பிரசவத்துக்கு அப்புறம் பெரும்பாலும் போயிடும். ஆனா அதுவரைக்கும் அடக்கி வெக்கணும். விட்டா குழந்தை உள்ளயே அளவுக்கு மேல வளரும், பிரசவம் கஷ்டமாகும், பொறந்த உடனே குழந்தையோட சர்க்கரை இறங்கிடும். சாப்பாட்டைப் பிரிச்சுச் சாப்பிடுங்க. ஒவ்வொரு சாப்பாட்டுக்கு அப்புறமும் நடங்க. மூச்சு வாங்கினா, தலை சுத்தினா நிறுத்துங்க. அப்பவும் இறங்கலேன்னா ஊசி."

"எங்க டாக்டர் நடக்கறது? தெருவுல கால் வெச்சா போலீஸ்காரங்க விசில் அடிக்கறாங்க."

"வீட்டுக்குள்ளயே."

வீடு, கடைக்கு மேலே இரண்டு அறை. அதில் பாதியைச் செருப்புப் பெட்டிகள் பிடித்திருந்தன. மூன்றாவது எட்டில் சுவர் வந்துவிடும். அதனால் அவள் கீழே இறங்கினாள். ஷட்டர் சாத்திய கடை. ஒற்றைக் குழல்விளக்கு.

முதலாளியம்மாவும் பின்னாலேயே இறங்கினார், நிபந்தனைகளோடு. "விரிப்பு மேலதான் நடக்கணும். வெறுங்கால்லதான் நடக்கணும். ஸ்டாக்கைத் தொடக் கூடாது. போட்டு நடந்தா முன்னாடி மடிப்பு விழும். மடிப்பு விழுந்ததை யார் வாங்குவா?"

"என் செருப்பே எனக்குப் பத்தலை அத்தை. கால் வீங்கிக் கிடக்கு."

"அதான் சொல்றேன், வெறுங்கால்னு."

ஷட்டரிலிருந்து கிடங்கு, கிடங்கிலிருந்து ஷட்டர். இரண்டாவது திருப்பத்திலேயே அவளுக்கு அலுத்துவிட்டது. வயிற்றில் இருப்பவரோ சாப்பாட்டுக்குப் பிறகுதான் விழித்துக்கொண்டு விலாவில் உதைப்பவர். கல்லாவில் போய் உட்காராவிட்டால் முதுகு நிமிராத முதலாளியம்மா, அன்றும் பழக்கதோஷத்தில் அங்கே போய் உட்கார்ந்தார். எதிரே யாராவது நடந்தால் வாய் சும்மா இராத பழக்கம் வேறு.

"நீ நடக்கறதைப் பாத்தா ஒருத்தர் ஞாபகம் வருது" என்றார். "வாராவாரம் வருவார். ஒரே ஜோடியை எடுப்பார். போட்டுக்கிட்டு நீ நடக்கற மாதிரியே கிடங்கு வரைக்கும் நடப்பார். கழட்டி வெப்பார், போயிடுவார். ஒரு வார்த்தை பேரம் பேசினது கிடையாது."

"வாங்கவே இல்லையா?"

"கேளு. ஒரு நாள் நான் அவரை மறிச்சு நிறுத்தினேன்…"

முதலாளியம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். டாக்டர் சொன்ன நேரம் முடிந்திருந்தது.

"மீதி அடுத்த சாப்பாட்டுக்கு அப்புறம்."

"அத்தை."

"போய்த் தண்ணி குடி."

[ஆறரையின் நடையை அளந்தது இப்படித்தான். சுற்றுகளை யாரும் எண்ணவில்லை. கதை ஓடும்வரை கால் ஓட வேண்டும். முடிவு எப்போதும் அடுத்த வேளைக்கு. இந்தக் கதை ஏன் எண் போட்டுத் துண்டு துண்டாக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கும் பதில் இதுவே.]

4

இங்கே ஒரு சந்தேகத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். மாமியார் பாத்திரம் மிகவும் நல்லபடியாக வந்துகொண்டிருக்கிறது. கதையைச் சொன்னவரே மாமியார் என்பதால் எடையில் கை வைத்திருப்பாரோ என்று தோன்றியது. அப்போதுதான் அவர் தானாகவே இதைச் சொன்னார். தன் சரக்கின் ஓட்டையைத் தானே காட்டுகிற கடைக்காரரை நம்பலாம் என்பது என் அனுபவம். (ஆறரை மனதில் நினைத்ததெல்லாம் மட்டும் என் கைச்சேர்க்கை. அது செய்கூலியில் சேரும்.)

ஒரு வாரம் நடந்த பிறகு டாக்டர் தொலைபேசியில் வந்தார். ஆறரை விரலைக் குத்தி, சர்க்கரை பார்க்கும் கருவியைக் கையில் பிடித்திருந்தாள். தொலைபேசி மேசைமேல் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தது.

"சாப்பாட்டுக்கு அப்புறம் எவ்வளவு இருக்கு?"

ஆறரை வாயைத் திறந்தாள். அதற்குள் கல்லாவிலிருந்து ஒரு குரல் வேறொரு எண்ணைச் சொன்னது. கருவியில் இருந்ததைவிட நல்ல உயரத்தில்.

"அவ்வளவா?" என்றார் டாக்டர். "அப்போ காத்திருக்கக் கூடாது. இன்னிக்கே ஊசி ஆரம்பிக்கணும். அளவை எழுதி அனுப்பறேன்." வைத்துவிட்டார்.

ஆறரை மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன் அத்தை இப்படி?"

"எடுத்த எடுப்புல கடைசி விலையைச் சொல்லுவாங்களா?" முதலாளியம்மா குரலைத் தாழ்த்தினார், டாக்டர் இன்னும் கடைக்குள் நிற்பதைப் போல. "ஏத்திச் சொன்னாத்தானே அடுத்த வாரம் இறக்க இடம் இருக்கும்? அந்தம்மாவுக்கும் சந்தோஷம், நமக்கும் நிம்மதி."

சிரிக்கலாம். நானும் சிரித்தேன். எங்கள் வீட்டில் காய்ச்சலுக்கே அளவை ஏற்றிச் சொல்லி மருந்துக்காரரிடம் பேசியிருக்கிறார்கள். ஆனால் ஆறரை சிரிக்கவில்லை. அவள் மனதில் ஓடியது வேறு கணக்கு: இல்லாத சர்க்கரையை இறக்க ஒரு மருந்து வரப்போகிறது. அது எதை இறக்கும்? உள்ளே இருந்தவர் அந்த நேரம் பார்த்து உதைத்தார்.

அந்தக் கடைக்கு ஒரு சட்டம் உண்டு. கல்லாவில் இருப்பவர் ஒரு விலை சொல்லிவிட்டால், கடையில் வேறு யாரும் அதை மாற்றிச் சொல்லக் கூடாது. வந்த நாளிலிருந்து ஆறரை அதை மீறியதில்லை. இப்போது மாமியார் கண்ணெதிரே தொலைபேசியை எடுத்தாள்.

"டாக்டர், இப்ப சொன்ன நம்பர் தப்பு."

"மெஷின் தப்பா?"

"மெஷின் சரியாத்தான் இருக்கு. அத்தை ஏத்திச் சொல்லிட்டாங்க."

"எதுக்கு?"

"அடுத்த வாரம் இறக்கறதுக்கு."

மறுமுனையில் பேனாவை மூடி வைக்கும் சத்தம் கேட்டது.

"நீங்க என்ன வியாபாரம் பண்றீங்க?"

"செருப்புக் கடை, டாக்டர்."

"அங்க எப்படியோ, இங்க ஒரே விலைதான்." பிறகு குரல் இறுகியது. "அந்த நம்பருக்குப் போட வேண்டிய மருந்து உங்க உடம்புக்குள்ள போயிருந்தா, மயங்கி விழுந்திருப்பீங்க. யாரைக் கூப்பிடுவீங்க, எந்த வண்டி வரும்? இனிமே நம்பரை வாயால சொல்ல வேண்டாம். வீடியோவுல மெஷினையே காட்டுங்க. உண்மையான நம்பரும் நல்லா இல்லைம்மா. இன்னும் கொஞ்ச நாள் தர்றேன். நல்லா நடங்க. அப்பவும் வேணும்னா ஊசி. ஊசி தண்டனை இல்லை, மருந்து. அதையும் அந்தக் கல்லாவுல சொல்லுங்க."

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க, டாக்டர்."

5

அடுத்த வேளை முதலாளியம்மா கீழே வரவில்லை. ஆறரை தனியாக நடந்தாள். கதை இல்லாத நடை எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. அவளுக்குத் தன் கால் தெரிந்து வெகு நாளாகிவிட்டது. வயிறு மறைத்துக்கொண்டிருந்தது. இந்தக் குட்டைக் கண்ணாடிகளில் மட்டும்தான் அது தெரியும். பார்த்தாள். உப்பிய, வெளிறிய, யாருடையதோ போன்ற கால்கள். (டாக்டரிடம் இவற்றையும் காட்டியிருந்தாள். ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றிருந்தார்.) குதிகால் வலித்தது. சட்டத்தை மீறிவிட்டோம், இனி இந்த வீட்டில் எப்படி என்று ஒரு பக்கம் ஓடியது. மீறாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று மறுபக்கம்.

காட்சிப் பெட்டியின் கண்ணாடி நகரும் ஓசை கேட்டது.

முதலாளியம்மா பழுப்பு நிறத் தோல் ஷூ ஒன்றைக் கையில் வைத்திருந்தார். கடையிலேயே உசத்தியானது அதுதான். கடைகளில் காட்சிக்கு வைப்பது ஒற்றைக் கால் மட்டுமே. அதன் ஜோடி உள்ளே இருக்கும். திருடுகிறவனுக்கு ஒற்றைக் காலால் பிரயோஜனமில்லை. அவர் கிடங்குக்குள் போனார், மற்றதையும் எடுத்து வந்தார். விரிப்பின்மேல் இரண்டையும் சேர்த்து வைத்தார்.

"ஏழு. போட்டுப் பாரு."

"மடிப்பு விழுமே அத்தை."

முதலாளியம்மா குனிந்து ஒன்றைக் கையில் எடுத்தார். முன்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து, தன் வாழ்நாளில் எந்த வாடிக்கையாளரையும் செய்ய விடாத ஒன்றைச் செய்தார்: நன்றாக, ஆழமாக வளைத்தார். தோல் முனகியது. நடுவில் ஒரு கோடு விழுந்தது. அடுத்ததை எடுத்து அதையும் வளைத்தார்.

"இப்ப யாரும் வாங்க மாட்டாங்க. போட்டுக்கோ."

மன்னிப்பு என்ற சரக்கு அந்தக் கடையில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இருந்ததில் உசத்தியானது இதுதான்.

கயிற்றைக் கட்ட ஆறரையால் குனிய முடியவில்லை. மாமியார்தான் கட்டினார், தரையில் ஒரு முட்டி ஊன்றி. வாடிக்கையாளருக்குக் கட்டுவதுபோலவே, இறுக்கமா தளர்வா என்று கேட்டுக் கேட்டு.

"இன்னும் வீங்கினா சொல்லு. அடுத்த நம்பர் எடுத்துத் தர்றேன். ஆனா அந்த நம்பரைச் சொல்லி உன்னை நான் கூப்பிட மாட்டேன், வீட்டுக்கு ஆகாது."

ஆறரைக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே நடந்தாள்.

"அப்புறம் அத்தை, அந்த ஆளை மறிச்சு நிறுத்தினீங்களே?"

"எந்த ஆளை?"

"பேரம் பேசாதவரை."

"அதுவா…" முதலாளியம்மா கல்லாவில் போய் உட்கார்ந்தார்.

6

இனி நடையைப் பற்றி எழுத வேண்டும். ஆனால் நடையைப் பற்றி எவ்வளவுதான் எழுதுவது? நடந்தாள். சாப்பிட்டாள், நடந்தாள். சில நாள் அழுதுகொண்டே நடந்தாள், கணவன் தொலைபேசியில் அதிகம் பேசிய நாட்களில். பிறகு இரண்டு கையிலும் இரண்டு செருப்புப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நடந்தாள், டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான். மேல்தட்டில் இருந்த அளவுகள் கீழ்த்தட்டுக்கும் கீழ்த்தட்டில் இருந்தவை மேல்தட்டுக்கும் போயின. அந்தக் கடையின் ஸ்டாக் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை. விரிப்பில் தடம் விழ ஆரம்பித்தது.

வீடியோவில் கருவியைக் காட்டினாள். எண் இறங்கியது. டாக்டர் குறித்துக்கொண்டார். அடுத்த முறை இன்னும் இறங்கியது. "ம்" என்றார். அதற்கடுத்த முறை சாப்பாட்டுக்குப் பிந்தைய எண்கள் எல்லாம் டாக்டர் போட்ட கோட்டுக்குள் வந்துவிட்டன.

இங்கே கதையை முடிக்க ஆசையாக இருந்தது. இப்படி ஒரு வரி தயாராகவும் வைத்திருந்தேன்:

அவள் வென்றாள், ஊசி அந்தக் கடையின் படியேறவே

[அடித்துவிட்டேன். ஏனென்றால் ஊசி படியேறியது.]

காலையில் வெறும் வயிற்றில் பார்க்கும் எண் மட்டும் இறங்க மறுத்தது. அந்த எண்ணுக்கு நடை பெரிதாக எட்டாது, தூக்கத்தில் உடம்பு தானே செய்கிற வேலை அது என்றார் டாக்டர். படுக்கும்போது சின்ன அளவில் ஒரு ஊசி.

ஆறரை கல்லாப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இவ்வளவு நடந்தும் போட வேண்டியதாப் போச்சே டாக்டர்."

"நடந்ததாலதான்மா இந்தச் சின்ன அளவோட நிக்குது. நடக்கலேன்னா ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் போட்டிருக்கணும்."

முதலாளியம்மா கையைத் தூக்கினார், பேச அனுமதி கேட்கும் பள்ளிப்பிள்ளை மாதிரி. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு டாக்டர் முன்னால் அவர் அப்படித்தான்.

"சொல்லுங்க."

"டாக்டரம்மா கொஞ்சம் இறங்கியிருக்காங்க, நாம கொஞ்சம் ஏறியிருக்கோம். இதுதான் நல்ல வியாபாரம். ரெண்டு பக்கமும் முகம் சுளிக்காம எழுந்திருக்கலாம்."

டாக்டர் அன்றுதான் முதல்முறையாகச் சிரித்தாராம்.

[ஊசியே இல்லாத முடிவு வேண்டும் என்பவர்களுக்கு: அப்படி முடிகிறவர்களும் இருக்கிறார்கள், சந்தோஷம். ஆனால் ஊசி போட்டவளைத் தோற்றவளாக்கும் கதையை என்னிடம் கேட்காதீர்கள். அந்தச் சரக்கை நான் விற்பதில்லை.]

7

வலி ஒரு பகலில் வந்தது, பாதிச் சுற்றில், கிடங்குப் பக்கம்.

ஆஸ்பத்திரி வண்டி வந்தது. ஆனால் தெருவை அடைத்துக் கம்பு கட்டியிருந்தார்கள், தொற்று இருந்த தெரு. வண்டி முனையிலேயே நின்றது. தள்ளுநாற்காலி கொண்டுவரட்டுமா என்று தொலைபேசியில் கேட்டார்கள். கொஞ்சம் காத்திருக்க வேண்டுமாம். டாக்டர் குறுக்கே வந்து, வலி எத்தனை இடைவெளியில் வருகிறது என்று கேட்டார். கேட்டுவிட்டு, "முடிஞ்சா நடக்கலாம். வலி வந்தா நின்னுக்கோங்க" என்றார்.

"நடக்கத் தெரியும் டாக்டர்" என்றாள் ஆறரை.

கூட யாரும் போகக் கூடாது, அதுவும் முதலாளியம்மாவின் வயதில் வாசலைத் தாண்டவே கூடாது. அவர் ஷூவின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார், சரியாகத்தான் இருந்தது என்றாலும். ஷட்டரைப் பாதி தூக்கினார். வெளிச்சம் உள்ளே விழுந்து, விரிப்பின் தடம் முழுக்கத் தெரிந்தது.

"அத்தை, பேரம் பேசாதவர் கடைசியில என்னதான் சொன்னார்? இப்பவாவது சொல்லுங்க."

"வந்து கேட்டுக்கோ."

"இது அநியாயம்."

"ஆமா. போ."

பழுப்பு ஷூவின் அடிப்பாகம் அதுவரை விரிப்பைத் தவிர எதையும் தொட்டதில்லை. அத்தனை நடைக்குப் பிறகும் கடையில் இருந்ததுபோலவே சுத்தமாக இருந்தது. ஆறரை படியிறங்கி, அதைத் தெருவில் வைத்தாள். சரக் என்று மணல் அரைபட்டது. அந்த ஓசை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. மாதக்கணக்காகச் சுவர் வந்து திரும்பியவளுக்கு, எதிரே திரும்பவே தேவையில்லாத ஒரு நீளம்.

நடந்தாள். தையற்காரர் வீட்டருகே வலி வந்தது, சுவரைப் பிடித்து நின்றாள், விட்டதும் நடந்தாள். மேல்மாடிகளில் ஜன்னல்கள் திறந்தன. யாரும் கத்தவில்லை. "மெதுவாம்மா" என்று ஒரு குரல். "அவ சரியாத்தான் போறா, நீங்க சும்மா இருங்க" என்று இன்னொன்று.

முதலாளியம்மாவுக்கு ஒரு தொழில் ரகசியம் உண்டு. பேரம் படியாமல் படியிறங்குகிறவர் திரும்பி வருவாரா, போய்விடுவாரா என்பதை நடையிலேயே சொல்லிவிடுவார். வருகிறவரை அவர் கூப்பிடவே மாட்டார். அன்று ஷட்டருக்குக் கீழே குனிந்து நின்று, தெருமுனைவரை அந்த நடையையே பார்த்தார்.

கூப்பிடவில்லை.

8

இதுவரை சொன்னபோது கடைக்கு இன்னொருவர் வந்துவிட்டார். முதலாளியம்மா எழுந்தார்.

"அப்புறம்?" என்றேன். "நல்லபடியா ஆச்சா? பேரம் பேசாதவர் என்ன சொன்னார்?"

"ஒரு ஜோடிக்கு இவ்வளவுதான். மீதி வேணும்னா அடுத்த ஜோடிக்கு வாங்க."

என்னிடம் இல்லாத முடிவை நான் விற்க முடியாது. இருந்ததை மட்டும் தருகிறேன்.

பழைய செருப்பை மாட்டிக்கொள்ளக் குனிந்திருந்தேன். எதிரே குட்டைக் கண்ணாடி. கிடங்குப் பக்கமிருந்து அதற்குள் ஒரு ஜோடி பழுப்பு ஷூ நடந்து வந்தது. தோலில் ஆழமான மடிப்பு. அடிப்பாகம் நன்றாகத் தேய்ந்து, தெருவைப் பார்த்த ஷூ. அதன் பக்கத்திலேயே, ஒரு புடவை விளிம்பைப் பிடித்துத் தொங்கியபடி, இரண்டு வெறுங்கால்கள். என் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. விரிப்பின் வெளுத்த தடத்தின்மேல், அது தனக்காகவே போட்ட பாதை என்பதுபோல, தொப் தொப்பென்று வைத்து நடந்தன. விழுந்தன, எழுந்தன, மறுபடி நடந்தன.

முழங்காலுக்கு மேல் அந்தக் கண்ணாடியில் எதுவும் தெரியாது. திரும்பிப் பார்த்திருக்கலாம். ஆனால் பிடித்ததைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பதுதான் நான் வளர்ந்த வளர்ப்பு.

மேலே என்ன இருந்தது என்று நீங்கள் வரைந்துகொள்ளுங்கள். பேரம் பேசாதவர் ஏன் வாராவாரம் வந்தார் என்பதையும் நீங்களே சொல்லி முடியுங்கள். உட்கார்ந்து யோசிக்க வேண்டாம். எழுந்து, இருக்கிற இடத்திலேயே, ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர்வரை நடந்துகொண்டே யோசியுங்கள்.

நான் படியிறங்கிவிட்டேன், வேண்டுமென்றே மெதுவாக. முதலாளியம்மா கூப்பிடவில்லை.